கேமராவின் கண் எந்தப் பக்கம்?

டோல்கேட் என்றால் சுங்கம் வாங்குகிற இடம் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் நம் வடசென்னைப் பகுதியில் இன்று மாட்டு வண்டியும் இல்லை. வண்டிக்குச் சுங்கமும் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தது. டோல்கேட் என்ற பெயரிலேயே ஒரு நிலையமும் எழுந்தது. அப்படியானால் சுங்கம் ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை, தோழர்களே! உருவம்தான் மாறியிருக்கிறது. சிறு கடைக்காரன் இன்று தன் கைப்பணத்தில் கட்டும் புதுச் சுங்கத்தின் பெயர், கண்காணிப்புக் கேமரா.

அண்மையில் டோல்கேட் பக்கம் ஒரு காயலான் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் நம் பழைய தோழர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து தோள் ஓய்ந்தபின் இந்தத் தொழிலுக்கு வந்தவர். கடைக்கு மேலே மூலைக்கு ஒன்றாகக் கேமராக்கள் தொங்கின. அவர் கேட்டார்:

"இன்னா அண்ணே, கேமரா மாட்டுன்னு சொன்னாங்க, மாட்டுனேன். ஒரு மழைல பூட்ச்சி. மறுபடி துட்டு போட்டு மாட்டுனேன். என் கடையில கீறதெல்லாம் துருப்புடிச்ச இரும்பு. துப்பாக்கியா விக்கிறேன்? அமெரிக்காவுல துப்பாக்கி விக்கிறவனுக்கே இப்பத்தான் கேமரா சட்டம் வந்துச்சாமே, நிசமா?"

நிசந்தான் என்றோம். கேள்வி சிறியது, அதில் அடங்கியிருக்கும் நியாயம் பெரியது. ஆகவே அதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலம் 2019 ஜனவரியில் துப்பாக்கி வியாபாரிகளுக்கென ஒரு சட்டம் செய்தது. கடை வைத்து விற்பவர் கேமரா பொருத்த வேண்டும்; பதிவை 90 நாள் பாதுகாக்க வேண்டும். இது 2021 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. கலிபோர்னியா மாநிலம் 2022இல் இன்னும் கடுமையான சட்டம் இயற்றி, 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்தியது. வாசல், விற்பனை மேசை, துப்பாக்கி அடுக்கிய இடம் எல்லாம் இரவும் பகலும் படமாக வேண்டும். பேச்சும் பதிவாக வேண்டும். பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே வருகிறவன் கண்ணில் படும்படி, 'உன் உருவமும் பேச்சும் பதிவாகலாம்' என்று எழுதி மாட்டவும் வேண்டும்.

எதற்காக இவ்வளவு? குற்றம் செய்து தண்டனை பெற்றவன் அங்கே நேரே கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்க முடியாது. ஆகவே பினாமி ஒருவனை அனுப்புகிறான். பேரேட்டில் பினாமியின் பெயர் ஏறுகிறது. துப்பாக்கியோ பின்னால் நின்றவன் கைக்குப் போகிறது. பேரேடு பெயரைத்தான் காட்டும். பக்கத்தில் நின்று 'அதை எடு, இதை எடு' என்று சாடை காட்டியவனைக் காட்டாது. கேமரா காட்டும். இதுதான் சட்டத்தின் தத்துவம்.

இன்னொரு கணக்கும் உண்டு. குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் எந்தக் கடையிலிருந்து வந்தன என்று அமெரிக்க மத்திய சர்க்காரின் இலாகா தடம் பிடித்துப் பார்த்தது. 1998ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அப்படித் தடம் பிடிக்கப்பட்டவற்றில் 57 சதவிகிதம் வெறும் 1.2 சதவிகித வியாபாரிகளிடமிருந்து வந்தவை! அதாவது, நூறு கடைகளில் ஒன்றிரண்டுதான் ஊரைக் கெடுக்கின்றன. மற்றவர் பெரும்பாலும் ஒழுங்காகவே தொழில் நடத்துகின்றனர். ஆனால் சட்டம் வரும்போது நூறு பேருக்கும் சேர்த்தே வருகிறது.

பெரிய முதலாளிக்கு இது கொசுக்கடி. வால்மார்ட் என்ற மாபெரும் வணிக நிறுவனம் 2008இலேயே தன் கடைகளில் துப்பாக்கி விற்பனையைப் படம் பிடிக்கத் தானாக முன்வந்தது. ஆயிரம் கடை வைத்திருப்பவனுக்குக் கேமரா ஒரு செலவா? தெருக்கோடியில் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவனுக்குத்தான் அது சுமை. கலிபோர்னியாவின் சட்டத்தை எதிர்த்துச் சிறு வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வீட்டிலேயே தொழில் நடத்துகிறவன் வீட்டுக்குள் சர்க்காரின் கண்ணும் காதும் நுழைவதா என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று.

நம் கருத்து என்ன? ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். உயிரைக் குடிக்கும் பொருளை விற்கிறவன், சிறியவனானாலும் பெரியவனானாலும், கண்காணிப்புக்கு உட்பட்டே தீரவேண்டும். வியாபாரியின் சௌகரியத்தைவிடத் தெருவில் போகிற குழந்தையின் உயிர் பெரிது. சிறியவனுக்குச் செலவு கடினம் என்றால் சர்க்கார் உதவட்டும். விதியைத் தளர்த்த வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டங்களில் நாம் பாடமாகக் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, விற்கும் பொருளின் அபாயத்தை வைத்துக் கண்காணிப்பு வருகிறது. இரண்டாவது, பதிவை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. மூன்றாவது, பதிவை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக்கூடாது என்பதைக் கலிபோர்னியச் சட்டமே வரையறுத்துச் சொல்கிறது. அபாயம், காலம், உரிமை ஆகிய இந்த மூன்று தராசுத் தட்டுகளிலும் நம் ஊர்க் கேமராவை வைத்து நிறுத்துப் பார்ப்போமா?

நம் நாட்டில் துப்பாக்கிக் கடை தெருவுக்குத் தெரு கிடையாது. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வெள்ளையன் செய்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்சு கேட்டது. ஐரோப்பியனுக்கு விலக்குத் தந்தது. ஆளுகிறவன் கையில் ஆயுதம், ஆளப்படுகிறவன் மேல் சந்தேகம். அதுதான் அன்றைய நீதி. சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 2016இல் புதிய விதிகள் வந்தன. 2019இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. வியாபாரி லைசென்சு பெற வேண்டும், சரக்குக்கும் விற்பனைக்கும் கணக்கு வைக்க வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்சுத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். இவையெல்லாம் நல்லவையே.

ஆனால் வடசென்னைத் தொழிலாளியின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி துப்பாக்கிதானா?

2015ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அம்மோனியம் நைட்ரேட்டைச் சுங்க இலாகா கைப்பற்றியது. வெடிமருந்துக்கும் பயன்படுகிற அந்தச் சரக்கு, சுமார் 740 டன், 37 பெட்டகங்களில், நம் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டு காலம் கிடந்தது. அக்கம் பக்கத்தில் குடியிருந்த ஏழை எளியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 2020 ஆகஸ்டு 4ஆம் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அதே சரக்கு வெடித்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின்தான் இங்கே விழிப்பு வந்தது. அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டு தூக்கம், சில நாளில் ஓட்டம்! பெய்ரூட் வெடித்திராவிட்டால் மணலியின் கதை இன்னும் எத்தனை ஆண்டு நீண்டிருக்குமோ!

அடுத்து, 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு வேளை. எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவில் ஓடின. 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அன்றிரவு மக்களுக்கு எச்சரிக்கை தந்தது எது? அவர்களுடைய மூக்கும், எரிந்த கண்களும்!

இப்போது அந்தக் காயலான் கடைத் தோழரின் கேள்விக்குத் திரும்புவோம். துருப்பிடித்த இரும்பின்மேல் நாலு கண். வெடிக்கும் சரக்கின்மேலும் விஷவாயுக் குழாயின்மேலும் மக்களுக்குத் தெரிகிற மாதிரி எத்தனை கண்? அபாயத்தை அளந்து கண்காணிப்பு வைப்பதுதான் முறை என்றால், முதல் தட்டிலேயே நம் ஊர்த் தராசு கோணுகிறது.

கேமரா விதி நமக்குப் புதிதல்ல. 2012 டிசம்பரில், நகர்ப்புறத்துப் பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதற்கென்றே தமிழக சர்க்கார் விதிகள் செய்தது. பின்னர் சென்னைப் போலீசார் 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை கேமரா வந்தது. வியாபாரிகளும் குடியிருப்போரும் கைப்பணம் போட்டு மாட்டியவை ஏராளம். 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் உலக நகரங்களை ஒப்பிட்டு ஒரு கணக்கு வெளியிட்டது. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னைக்கு முதலிடம் தந்தது! லண்டனும் பெய்ஜிங்கும் நமக்குப் பின்னால்தான்.

நாம் கேமராவுக்குப் பகைவர்கள் அல்லர். கழுத்துச் சங்கிலியைப் பறித்தவன் அதில் அகப்பட்டிருக்கிறான். இரவு ஷிப்டு முடிந்து தனியே வரும் பெண் தொழிலாளிக்கு வெளிச்சமும் கேமராவும் உள்ள தெரு கொஞ்சம் தைரியம் தருகிறது. இதை மறுப்பவன் உண்மையை மறுப்பவன். நாம் கேட்பது வேறு. கேமரா பார்க்கட்டும், ஆனால் எல்லாரையும் பார்க்கட்டும். அதிகாரம் உள்ள இடத்தில் இமை மூடிக்கொள்கிற கண்ணை ஏழை எதற்காகக் கைப்பணம் போட்டு வாங்கித் தரவேண்டும்?

இமை மூடிய கண்ணா? ஆம், தோழர்களே. சாத்தான்குளத்தை மறந்துவிட்டோமா?

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி, ஒரு சிறிய கைப்பேசிக் கடையைச் சேர்ந்த தந்தையையும் மகனையும் போலீசார் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் மகன் மாண்டார். மறுநாள் காலை தந்தை மாண்டார். கடை வாசலில் அவர்கள் தகராறு செய்தார்கள், தரையில் விழுந்து புரண்டார்கள் என்று போலீஸ் அறிக்கை எழுதியது. ஆனால் பக்கத்துக் கடையில் மாட்டியிருந்த கேமரா என்ன சொன்னது? புரளவும் இல்லை, தகராறும் இல்லை. தந்தை அமைதியாகப் போகிறார், மகன் பின்னால் போகிறார் என்று படம் காட்டியது. நாடே பார்த்தது.

சரி, போலீஸ் நிலையத்துக்குள் இருந்த கேமரா என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை! உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தார். பதிவுப் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. ஆயினும் அன்றன்றையப் பதிவு அன்றன்றே தானாக அழியும்படி திருப்பி வைத்திருந்தார்கள் என்று அறிக்கை தந்தார்.

இந்த ஒரு சம்பவத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாமானியக் கடைக்காரன் தன் பணத்தில் மாட்டிய கேமரா உண்மையைக் காத்தது. மக்கள் வரிப்பணத்தில் நிலையத்துக்குள் மாட்டிய கேமரா தினமும் தன் நினைவைத் தானே கழுவிக்கொண்டது. பதிவை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்ற கேள்வி ஏதோ இயந்திரக்காரனின் விவகாரம் என்று எண்ண வேண்டாம். அது உயிர் விவகாரம்!

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. நாட்டின் ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும், வாசல், லாக்கப், நடைபாதை, வரவேற்பிடம் எங்கும் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அத்தகைய கருவி கிடைக்காத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. நிலைய அதிகாரியே பொறுப்பு என்றெல்லாம் உத்தரவு. அருமையான தீர்ப்பு! ஆனால் தீர்ப்பு வந்து ஐந்தாண்டு ஆகும் தறுவாயில், 2025 செப்டம்பரில், போலீஸ் நிலையங்களில் வேலை செய்யும் கேமராக்கள் இல்லாத விஷயத்தை அதே சுப்ரீம் கோர்ட் தானாகவே மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. காவலில் நேரும் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்தியே அதற்குக் காரணம். உத்தரவு போட்ட கோர்ட்டே 'என் உத்தரவு எங்கே?' என்று தேடுகிற நிலை!

இதற்கிடையில் 2025 ஜூனில் சிவகங்கைச் சீமையில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் அடிபட்டு மாண்டார். அங்கேயும் ஊருக்கு உண்மையைக் காட்டியது சர்க்காரின் கேமராவா? ஒளிந்து நின்று யாரோ ஒருவர் கைப்பேசியில் பிடித்த படம்!

கடைக்காரனிடம் 'கேமரா ஏன் ஓடவில்லை?' என்று அதட்டிக் கேட்க ஆள் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் 'கேமரா ஏன் ஓடவில்லை?' என்று கேட்க யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். கேட்போம்!

ஆலைத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அன்று டைம் ஆபீசில் மணி பார்த்தார்கள். கேட்டில் டிபன் பாக்சைத் திறந்து பார்த்தார்கள். இன்று எந்திரத்துக்கு மேலே கேமரா இருந்து, எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போனான் என்று எண்ணுகிறது. விபத்து நடந்து விரல் போனால் மட்டும் 'அன்றைக்குப் பதிவு இல்லை' என்கிறார்கள். தொழிலாளியின் தவறுக்குப் பதிவு உண்டு, நிர்வாகத்தின் தவறுக்குப் பதிவு இல்லை என்றால் அந்தக் கேமரா முதலாளியின் கங்காணிதானே? அந்தரங்கம் என்பது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த உரிமை மாடி வீட்டாருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததல்ல.

ஆகவே நம் கோரிக்கைகள் என்ன?

முதலாவது, கேமரா விதி எழுத்தில் இருக்கட்டும். எந்தக் கடைக்கு, எத்தனை, எத்தனை நாள் பதிவு என்பதைச் சட்டம் சொல்லட்டும். வாய்மொழி அதட்டல் வேண்டாம். துப்பாக்கி, வெடிமருந்து, விஷ ரசாயனம் விற்பவனுக்கும் சேர்த்து வைப்பவனுக்கும் கடுமையான விதி. காயலான் கடைக்கும் டீக்கடைக்கும் அவற்றின் அளவுக்கேற்ற விதி.

இரண்டாவது, பொதுத் தெருவின் பாதுகாப்புக்காகச் சிறு கடைக்காரன் மாட்டும் கேமராவின் செலவில் மாநகராட்சியோ சர்க்காரோ பங்கு ஏற்கட்டும். தெரு எல்லாருக்கும் பொது. செலவு மட்டும் அவன் தலையிலா?

மூன்றாவது, கடைக்காரனிடமிருந்து பதிவுப் பெட்டியைப் போலீசார் எடுத்துச் சென்றால் எழுத்து மூலம் ரசீது தரட்டும். 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்த விதி சாமானியன் கடையிலும் அமுலாகட்டும்.

நான்காவது, சுப்ரீம் கோர்ட் சொன்னபடி ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் கேமரா ஓடட்டும். பதிவு அழியாமல் இருக்கட்டும்.

ஐந்தாவது, அம்மோனியா போன்ற விஷவாயு உள்ள தொழிற்சாலைகளின் சுற்றுப்புறத்தில் வாயுவை அளக்கும் கருவியும், அளவைக் காட்டும் பலகையும், அபாயச் சங்கும் மக்கள் காணவும் கேட்கவும் இருக்கட்டும்.

இவை ஆகாயத்துச் சந்திரனைக் கேட்கும் கோரிக்கைகளா? அல்லவே! பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்திலும் தீர்ப்பிலும் இருப்பவை; அல்லது ஒரு மந்திரியின் கையெழுத்தில் முடிபவை.

நம் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு, இவ்வளவுதான் செலவு. 'எங்கள் பகுதிப் போலீஸ் நிலையத்தில் எத்தனை கேமரா? எத்தனை வேலை செய்கின்றன? பதிவு எத்தனை நாள் இருக்கிறது? கடைசியாகப் பழுது பார்த்த தேதி எது?' என்று நாலே நாலு கேள்வி எழுதுங்கள். கிளைக்கு ஒரு மனு வீதம் போகட்டும். வரும் பதிலை மன்றத்துப் படிப்பகத்தில் ஒட்டுங்கள். டீக்கடையில் படித்துக் காட்டுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையே எழுதி ஒட்டுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

காயலான் கடைத் தோழருக்கு நாம் சொன்னதும் இதுவே. உங்கள் கேமராவைக் கழற்ற வேண்டாம். சாத்தான்குளத்தில் உண்மை சொன்னது உங்களைப் போன்ற ஒருவரின் கேமராதான். அது ஓடட்டும். ஆனால் உங்களைப் பார்த்து 'கேமரா ஓடுகிறதா?' என்று கேட்கிறவர்களிடம், 'உங்களுடையது ஓடுகிறதா ஐயா?' என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சொல்லியனுப்புங்கள்; சேர்ந்து வந்து கேட்கிறோம்.